பட்டில் வடித்த வார்னிஷ்

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவள் ஒருத்தி இப்போது தலைமை நர்ஸாக இருக்கிறாள். "அக்கா, போதை ஒழிப்பு நிகழ்ச்சி. நீங்க வந்து ரெண்டு நிமிஷம் பேசினா போதும்" என்றாள். போனேன். போயிருக்கவே கூடாது.

பிள்ளைகளை உச்சி வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் கார் வர நேரமாகிவிட்டதாம். மேடையில் மண்டை ஓடு போட்ட பேனர். ஒருவர் உறுதிமொழியை வாசித்தார், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள், போட்டோ எடுத்தார்கள். அவ்வளவுதான், ஊரில் போதை ஒழிந்துவிட்டது! என் முறை வந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "முதல் தடவை இதை உங்களுக்கு யார் குடுப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? முகம் தெரியாத திருடனா?" முன்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் ஓர் ஆசிரியர் ஓடிவந்து, "டைம் ஆயிடுச்சும்மா" என்று எனக்கு ஒரு சால்வையைப் போர்த்திவிட்டார். வாயை மூடு என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். பெயர் மரகதம். பிறந்தது வாலாஜாபாத், அப்பாவுக்கு அரிசி மில்லில் வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்பேன் கழுவினோம், திட்டு வாங்கினோம், ஊசி போடக் கற்றுக்கொண்டோம். அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் என்னைப் போட்டார்கள். சின்ன ஊர்ப் பெண், ஆனால் வாய் பெரிது. அந்த வாய்தான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. கடை இல்லையே தவிர, குடி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருட்டுத்தனமாகக் காய்ச்சின சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கும் வழி இல்லாதவன் மருந்துக்கடை இஞ்சி டிஞ்சரைக் குடித்தான். அதுவும் கிடைக்காதவன் வார்னிஷைக் குடித்தான். ஆமாம், தச்சர் கதவுக்கும் கட்டிலுக்கும் பூசுகிறாரே, அதே வார்னிஷ்தான். அதில் உள்ள அரக்கைத் திரியவைத்து, துணியில் வடிகட்டிவிட்டு, கீழே இறங்குகிற தண்ணியைக் குடிப்பார்கள். அந்தத் தண்ணியில் சாராயத்தோடு இன்னொரு விஷமும் இருக்கும், யாரும் குடிக்கக் கூடாது என்பதற்காகவே கம்பெனியில் கலந்து விடுவது. அது முதலில் கண்ணைத்தான் தின்னும்.

இதில் இன்னொரு கொடுமை. ஆஸ்பத்திரிக்கு யார் குடித்துவிட்டு வந்தாலும் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்டிலேயே ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அதனால் எந்தத் தாயும் உண்மையைச் சொல்ல மாட்டாள். "கோயில்ல குடுத்த புளியோதரை ஒத்துக்கலமா." "சாம்பார்ல பல்லி உழுந்துட்ச்சிமா." ஊரில் இருக்கிற பல்லியெல்லாம் வரிசையில் நின்று சாம்பாரில் குதித்தாலும் அத்தனை கேஸ் வராது! பயந்துகொண்டு பிள்ளையை வீட்டிலேயே போட்டு வைத்து, மோர் கொடுத்து, எலுமிச்சம்பழம் தேய்த்து, எல்லாம் கைமீறின பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். குடிக்கிறவனைத் திருத்தப் போட்ட விதி, குடித்துவிட்டவனைக் காப்பாற்ற விடவில்லை.

எங்கள் பெரிய டாக்டர் சௌந்தரராஜன். ஒல்லியான மனிதர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நோயாளி யாராக இருந்தாலும் "வாங்க, போங்க" தான், மூட்டை தூக்குகிறவனானாலும் சரி, மீசை முளைக்காத பையனானாலும் சரி. குடி கேஸ் என்று சந்தேகம் வந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு, அதை மாற்றவே மாட்டார். முதலில் கையைக் கழுவுவார். குனிந்து நோயாளியின் வாய்கிட்டே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். அப்புறம் டார்ச்சை எடுத்து ஒவ்வொரு கண்ணாக அடித்து, பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பார். அப்புறம் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மூச்சைக் கவனிப்பார். இவ்வளவும் முடியும்வரை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பிறகு கூட வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, கான்ஸ்டபிளையும் "டீ சாப்ட்டுட்டு வந்துடுங்களேன்" என்று கிளப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அதற்குப் பிறகுதான் கேள்வி.

"சார், இவ்வளவு பொறுமையா கேட்டா இவனுங்க சொல்லுவானுங்களா? ஒரு அதட்டு போடுங்க" என்று ஒருநாள் சொன்னேன்.

"அதட்டறதுக்கு அவங்க வீட்ல ஆள் இருக்காங்க மரகதம். இங்கயும் அதையே பண்ணா, இங்க எதுக்கு வரணும்?" என்றார்.

எனக்கு அப்போது அது சரியாகப் படவில்லை. ஏகாம்பரம் வந்த பிறகுதான் புரிந்தது.

ஏகாம்பரத்துக்குப் பதினேழு வயது இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றிலிருந்து வந்தான். எங்கள் ஊர்ப் பட்டுத்தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரையைக் கோர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து இடத்தில் சின்ன வயதிலேயே உட்கார்ந்தவன் அவன். அந்த வருஷம்தான் முதல்முறையாக நடு இடத்தில் உட்கார்ந்து, சொந்தமாகப் புடவை நெய்திருந்தான். அம்மாவும் இன்னொருவரும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். காலை வெயில் ஏறியிருந்த நேரம்.

அம்மா பெயர் கன்னியம்மா. நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "நேத்துலேந்து வாந்தி எடுத்துக்கினே இருக்கான் சிஸ்டரம்மா. பிரசாதம் துன்னான், ஒத்துக்கல."

"எந்தக் கோயில் பிரசாதம்?"

"அது... கோயில் தாம்மா."

அவனைக் கட்டிலில் படுக்க வைத்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஓடி வந்தவன் வாங்குகிற மாதிரி மூச்சு. சட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். அப்போது அவன் கேட்டான்: "அக்கா, ஒரே பனி மூட்டமா இருக்குது. ஜன்னல தொறங்களேன்."

ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தது. வெயில் அவன் மார்பு மேலேயே விழுந்துகொண்டிருந்தது. டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

டாக்டர் வந்தார். கையைக் கழுவினார், மோந்து பார்த்தார். வாசனை ஒன்றும் இல்லை, குடித்து அவ்வளவு நேரம் ஆகிவிட்டிருந்தது. டார்ச் அடித்தார். இரண்டு கண்ணிலும் பாப்பா அகலமாக விரிந்தபடியே நின்றது. அவர் முகம் மாறியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். எல்லாரையும் வெளியே அனுப்பினார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தம்பி, நீங்க என்ன குடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"குடிச்சது தப்புன்னு சொல்ல நான் வரல. உங்க கண்ணு எனக்கு வேணும். அதுக்கு நீங்க குடிச்சதோட பேரு தெரியணும்."

பையன் அழ ஆரம்பித்தான். அந்தக் காலத்தில் அவனை "நீங்க" என்று சொன்ன ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். "வார்னிஷ் சார்" என்றான். "ஆனா பட்டுல வடிச்சது சார். ஒண்ணும் ஆவாதுன்னாங்க."

எனக்குப் புரியவில்லை. டாக்டருக்கும் புரியவில்லை. பிறகு அவன் திக்கித் திக்கிச் சொன்னதுதான் இது. தறியில் ஏற்றிய நீள நூலான பாவு முடிந்து, கடைசிப் புடவையைத் தறியிலிருந்து அறுக்கிற நாளில் தறி முதலாளி விருந்து போடுவார். கறிச்சாப்பாடு. முதல்முறை நெய்தவனுக்கு முதல் தம்ளர். அதை வாங்கிக் குடித்தால்தான் அவன் நெசவாளி, இல்லாவிட்டால் இன்னும் கரை கோர்க்கிற பையன்தான். வார்னிஷ் ஆகாது என்று அவர்களுக்கும் தெரியும். துணியில் வடித்துக் குடித்தவர்கள் செத்த கதை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதனால் இவர்கள் துணியில் வடிக்கவில்லை. தறியில் கழித்துப் போட்ட பட்டு நூலைப் பந்தாகச் சுருட்டி, அதில் வடித்தார்கள். பட்டு மடியாச்சே! சாமிக்குச் சார்த்துவது, தீட்டு ஒட்டாதது. பருத்தி விஷத்தைக் கீழே விட்டுவிடும், பட்டு பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. பட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள் பட்டை நம்பியே குடித்தார்கள்.

"நான் மாட்டேன்னு தான் சொன்னேன் சார். முதலாளி தான், 'டேய், பட்டுல வடிச்சதுடா, பால் மாதிரி, பயப்படாம குடி'ன்னாரு."

"கூட யாரு குடிச்சாங்க?"

"தேவராஜு, சுப்ரமணி" என்றான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மரகதம், ரிக்‌ஷா புடிச்சிப் போங்க. அந்த ரெண்டு பேரும் இங்க வந்தாகணும். கெஞ்சுங்க, கத்துங்க, என்ன வேணா பண்ணுங்க."

எனக்குக் கெஞ்ச வராது. கத்துவதற்குப் போனேன்.

தெருவில் போய் இறங்கினால் ஆஸ்பத்திரி உடுப்பைப் பார்த்ததுமே கதவுகள் சாத்திக்கொள்கின்றன. தேவராஜின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் அம்மா ஒருக்களித்துத் திறந்து, "எம் பையன் ஊர்ல இல்லமா. கூரத்துல அவங்க மாமா ஊட்டுக்குப் போயிருக்கான்" என்றாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே ஒருவன் ஓங்கரித்து வாந்தி எடுக்கிற சத்தம்.

"கூரம் உங்க ஊட்டுக்குள்ளாறயா இருக்குது?" என்றேன்.

அதற்குள் பின்னால் ஒரு குரல். "இன்னா சிஸ்டர், இங்க இன்னா வேல உனக்கு?" திரும்பினால் சபாபதி, ஏகாம்பரம் சொன்ன அந்த முதலாளி. அந்தத் தெருவில் முக்கால்வாசித் தறிகள் அவருடையவை. தறி அவருடையது, நூல் அவருடையது, ஜரிகை அவருடையது. நெற்றி நிறைய விபூதி, தோளில் ஜரிகைத் துண்டு, வாயில் வெற்றிலை. "இங்க யாரும் குடிக்கல. தெரு பேர கெடுக்காத, போ."

"நான் குடியப் பத்தி இன்னும் பேசவே இல்லியே. நீங்களா ஏன் பேசறீங்க?" என்றேன். அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

அப்புறம் எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. தெரு நடுவில் நின்று கத்தினேன். "ஏகாம்பரத்துக்குக் கண்ணு தெரியல! வெயில்ல நின்னுக்கினு ஜன்னல தொறன்னு கேக்கறான்! இன்னும் ரெண்டு பிள்ளைங்க குடிச்சிருக்குது. போலீஸ்கிட்ட புடிச்சிக் குடுக்க வரல, கண்ணக் காப்பாத்த வந்திருக்கேன். பெத்தவங்களா நீங்க? கேசுக்குப் பயந்து பிள்ளைய குருடாக்கப் போறீங்களா?" இப்படி ஏதோ கத்தினேன். தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கதவுகள் திறந்தன.

தேவராஜ் தானாகவே வெளியே வந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு. சுப்பிரமணியை அவன் அண்ணன் தோளில் தூக்கி வந்தான். சபாபதி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரே ரிக்‌ஷாவில் இருவரையும் ஏற்றினேன், நான் பக்கத்தில் நடந்தும் ஓடியும் வந்தேன். ரிக்‌ஷாக்காரர் பாவம், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் மிதித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாம் தயாராக வைத்திருந்தார். ஏகாம்பரத்தின் கண்களைப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார், வெளிச்சம் படக் கூடாது என்று. ரத்தத்தில் ஏறிய அமிலத்தை முறிக்க சோடா மருந்து டிரிப்பில் போய்க்கொண்டிருந்தது. விஷ மருந்துகளைப் பூட்டி வைக்கிற அலமாரியை அவரே திறந்து பிராந்தி பாட்டிலை எடுத்தார். மதுவிலக்கிலும் மருந்துக்காக ஆஸ்பத்திரியில் பிராந்தி இருக்கும். மூக்கு வழியாகக் குழாயை விட்டு, தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

அதைப் பார்த்து கன்னியம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துவிட்டாள். "அய்யோ, குடிச்சதால தான் எம் பிள்ளைக்கு இந்த கதி. மறுபடியும் அதையே ஊத்துறீங்களே, பாவிங்களா!"

அவளை நான் அதட்டியிருப்பேன். டாக்டர் அவள் எதிரில் போய் நின்றார். "அம்மா, உங்க பையன் உடம்புல போன விஷம் இன்னும் முழுசா வேலையை முடிக்கல. இது உள்ள போனா உடம்பு இத முதல்ல கவனிக்கும், அந்த விஷம் மெதுவா மூத்திரத்துல போயிடும். வேற மருந்து என்கிட்ட இல்ல. இருந்தா இத ஊத்த மாட்டேன்" என்றார். அவள் என் கையை விட்டுவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம்வரை அந்தப் பிடியை விடவில்லை.

தேவராஜும் சுப்பிரமணியும் பிழைத்தார்கள், கண்ணோடு பிழைத்தார்கள். ஏகாம்பரத்துக்கு உயிர் நின்றது. கட்டை அவிழ்த்த அன்று டாக்டர் முகத்துக்கு நேராக விரல்களை ஆட்டினார். பையன் அவர் குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னும் கட்டு இருக்குதா சார்?" என்று கேட்டான். ஒருநாள் முன்னால் கொண்டுவந்திருந்தால், அந்தக் கேட்டில் ஸ்டூல் போடாமல் இருந்திருந்தால், புளியோதரைக் கதை சொல்லாமல் இருந்திருந்தால் என்று அன்றிலிருந்து இன்றுவரை நினைக்காத நாள் இல்லை.

டாக்டர் போலீசுக்குத் தகவல் அனுப்பினார். அவர் அறைக்குப் போய் நேராகவே கேட்டேன். "கண்ணு போனது போதாதா சார்? குடிச்ச கேசும் அவன்மேல போடணுமா?"

"அனுப்பலேன்னா ஊத்திக் குடுத்தவன்மேல கேசு எப்படி வரும் மரகதம்?" என்றார். அவர் நிஜமாகவே நம்பினார். நல்லவர்களிடம் இதுதான் எனக்குப் பிடிக்காது, எழுதி அனுப்பினால் நியாயம் நடந்துவிடும் என்று நம்புவார்கள்.

ஏகாம்பரம் வார்டில் இருந்தபோது ஒருநாள் கேட்டேன். "ஏன்டா, மதுவிலக்குக் கூட்டம்னு மாசாமாசம் மைக் வெச்சிக் கத்தறாங்களே, நீ ஒருநாளும் போனதில்லையா?"

"போனேன்கா. கை தட்டிட்டு தான் வந்தேன். அவங்க சாராயத்தப் பத்தி சொன்னாங்க. கொம்பு வெச்ச அரக்கன் படம் காட்டினாங்க. எங்க முதலாளிக்கு கொம்பா இருக்குது? பட்டுல வடிக்கறதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல."

இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? டாக்டரிடம் போனேன். "சார், பட்டு விஷத்தை நிறுத்தாதுன்னு தெருத்தெருவா போய்ச் சொல்லணும்" என்றேன். அவர் யோசித்து, மேலே எழுதிக் கேட்டார். மேலிருந்து பதில் வந்தது. எது விஷம், எது விஷம் இல்லை என்று சொல்லிக் கொடுப்பது குடிக்கக் கற்றுக் கொடுப்பதாகும், அரசாங்க ஊழியர் அதில் ஈடுபடக் கூடாது என்று. டாக்டர் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "அவங்க சொல்றதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு" என்றார். என்ன உண்மையோ! என் விடுமுறை நாளில் சாதாரணப் புடவை கட்டிக்கொண்டு, ஒரு பாட்டில் வார்னிஷும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன்.

அவர்கள் கொடுத்த பட்டு நூலிலேயே, அவர்கள் கையாலேயே வடிக்கச் சொன்னேன். கீழே வைத்த தட்டில் தெளிவாகத் தண்ணி இறங்கியது. பெண்கள், பையன்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். "பால் மாதிரி இருக்குதா? விஷமெல்லாம் பட்டுல நின்னுடுச்சா?" என்று கேட்டுவிட்டுக் குச்சியைக் கிழித்துப் போட்டேன். தட்டு முழுக்கத் திகுதிகுவென்று எரிந்தது. "இது தான் உங்க பிள்ளைங்க வயித்துக்குள்ள போச்சு. பட்டு நிறுத்துனது அரக்கைத் தான். கண்ணத் தின்றது தண்ணியோட தண்ணியா கீழ வந்துடுச்சு, அத எந்தத் துணியாலயும் நிறுத்த முடியாது." ஒரு கிழவர் அந்த நூல் பந்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போது ஒரு பையன் கேட்டான். "அப்ப காய்ச்சின சரக்குன்னா பரவால்லையா சிஸ்டர்?"

மேலதிகாரிகள் பயந்தது இதற்குத்தான். நான் தடுமாறவில்லை. "அதுல இன்னா கலந்திருக்கான்னு உனக்குத் தெரியுமா? தெரியாதில்ல? எதுவும் வேணாம். தம்ளர நீட்டினா வேணாம்னு சொல்லு, அவ்ளோ தான்."

"வேணாம்னு சொன்னா அடுத்த பாவு வராது சிஸ்டர்" என்றான்.

சுற்றி நின்ற யாரும் அவனை மறுக்கவில்லை. முதலாளி ஊற்றிக் கொடுத்ததைக் குடிக்காதவனுக்கு நூல் கொடுக்க மாட்டார்களாம். நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், இன்று வா, நாளை வா என்று அலைய விடுவார்கள். தம்ளரை வாங்கிக் குடித்தவன் தன் ஆள், அவன் கூலி உயர்வு கேட்க மாட்டான், வேறு முதலாளியிடம் போக மாட்டான். சபாபதி குடிப்பதே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஒரு சொட்டு தொட மாட்டார், கார்த்திகை தவறாமல் விரதம். ஊற்றிக் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை. வார்னிஷை நிறுத்த ஒரு தீக்குச்சி போதும், இதற்கு எதைக் கிழித்துப் போடுவது? ஆனால் ஒன்று, அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யாரும் பட்டில் வடிக்கவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து வழக்கு வந்தது. குடித்ததற்கு ஏகாம்பரம்மேல் ஒன்று, ஊற்றிக் கொடுத்ததற்குச் சபாபதிமேல் ஒன்று. ஏகாம்பரத்தின் வழக்கில், கண் போனதை முன்னிட்டு அவனை எச்சரித்து விட்டுவிட்டார்கள். எச்சரிக்கையாம்! இனிமேல் அவன் எதைப் பார்த்து ஜாக்கிரதையாக இருப்பது?

சபாபதியின் வழக்குக்கு டாக்டரும் நானும் சாட்சி. என்ன விஷம், என்ன சிகிச்சை என்று நாங்கள் சொன்னோம். யார் கொடுத்தது என்பது நாங்கள் பார்த்ததில்லையே. தேவராஜ் கூண்டில் ஏறினான். "கூட்டமா இருந்துச்சு சார், யாரு குடுத்தாங்கன்னு கவனிக்கல" என்றான். சுப்பிரமணியும் அதையே, வார்த்தை மாறாமல் சொன்னான். இரண்டு பேருமே சபாபதியின் தறியில்தான் நெய்துகொண்டிருந்தார்கள். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. எழுந்து போய் இருவரையும் நாலு அறை விட வேண்டும் போலிருந்தது. அவர்கள் வீட்டு அடுப்பை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மிஞ்சியது ஏகாம்பரம். அவனுக்கு இனி எந்தத் தறியும் இல்லை, அதனால் எந்தப் பயமும் இல்லை. அம்மா கையைப் பிடித்து வந்து கூண்டில் ஏறினான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். சபாபதியின் வக்கீல் மெட்ராஸிலிருந்து வந்தவர், சாவகாசமாக எழுந்தார்.

"உனக்கு ஊற்றிக் கொடுத்தவர் இந்த கோர்ட்டில் இருக்கிறாரா?"

"இருக்காருன்னு எங்கம்மா சொன்னாங்க."

"அம்மா சொன்னது வேண்டாம். நீ அவரை அடையாளம் காட்ட முடியுமா?"

ஏகாம்பரம் வக்கீலின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அப்புறம், "பேசச் சொல்லுங்க சார். குரல் தெரியும். சின்ன வயசுலேந்து கேட்டுக்கினு இருக்கேன்" என்றான்.

எல்லாரும் சபாபதியைப் பார்த்தோம். நெற்றி நிறைய விபூதியோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரே ஒரு வார்த்தை போதும். "டேய்" என்றால்கூடப் போதும். வாயைத் திறக்கவில்லை. "என் கட்சிக்காரர் பேச வேண்டிய அவசியம் இல்லை" என்றார் வக்கீல். சட்டப்படி அவசியம் இல்லை என்றுதான் மேலே உட்கார்ந்திருந்த மாஜிஸ்ட்ரேட்டும் சொன்னார். "ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க!" என்று நான் எழுந்து கத்திவிட்டேன். டாக்டர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

சபாபதியை விடுதலை செய்தார்கள்.

வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் நின்றோம். வக்கீல்கள், தெருவாசிகள், தறிக்காரர்கள் எல்லாரும் அங்கேயேதான் நின்றார்கள், தேவராஜும் சுப்பிரமணியும்கூட. சபாபதி அவர்களைக் கடந்து வாசல் பக்கம் நடந்தார். ஒரு ஜட்கா காத்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அக்கா, அவரு எந்தப் பக்கம் நிக்கறாரு?" என்று கேட்டான்.

நான் அவன் வலது கையை எடுத்தேன். மற்ற விரல்களை மடக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, சபாபதிக்கு நேராகப் பிடித்தேன். அவர் நடக்க நடக்க அந்தக் கையும் கூடவே திரும்பியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் விரல் காட்டிய பக்கம் திரும்பினார்கள். சபாபதி திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டு அவசரமாக ஜட்காவில் ஏறினார். வண்டி முனை திரும்பும்வரை நான் அந்தக் கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே நான் பிடித்திருக்கத் தேவையே இருக்கவில்லை, வண்டிச் சத்தம் போன பக்கமெல்லாம் அவனே விரலை நீட்டினான்.